பத்தொன்பது நிமிட இரைச்சல்

செப்டம்பர் 1, திங்கள்

காற்று. சுபஹுத் தொழுகைக்கு முன்பிருந்தே யன்னல் அடித்துக்கொண்டிருக்கிறது. சோளகம் இன்னும் விடவில்லை. மேசையைத் துடைத்துக் கை எடுக்குமுன் மறுபடி மணல்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா, 44ஆம் நாள். இன்னும் எண்பத்துச் சொச்சம். நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்தவர்கள் போய்விட்டார்கள். வாடகைக் கதிரைகள் மட்டும் முற்றத்தில் இருக்கின்றன, எடுக்க ஆள் வரவில்லை.

இந்தக் கொப்பியில் ரிஸ்மி இனி ரி. முழுப்பேர் எழுதினால் அந்த வரியோடு நின்றுவிடுகிறேன். நேற்று அப்படித்தான் ஒரு பக்கம் வீண்.

செய்ய வேண்டியவை:
– ஒபிஸில் திலங்க சேருக்கு அறிக்கை. (மூன்று நாள் பிந்திவிட்டது.)
– ரி. எடுத்த இரைச்சல் பதிவோடு சிமியுலேட்டரை இன்னொரு தரம் ஓட்ட.
– வெள்ளை உடுப்பு இரண்டும் அலச.
– ரி.யின் சப்பாத்து. யாருக்குக் கொடுப்பது. பிறகு.

மாமி, ரி.யின் உம்மா, பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்ன மகள், விடிஞ்சா பொழுதுபட்டா இதயே பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க. இதுக்குள்ள என்னதான் ஈக்கு?"

"உப்பளம் மாமி. பாலாவியில அவர் நட்ட இருபத்து நாலு பெட்டியும் இதுக்குள்ள ஈக்கு. சும்மா படம்தான். உண்மயான பெட்டியில ப்ரோக்ராம ஏத்த முந்தி இதுல ஓட்டிப் பாப்பம். பிழையெண்டா இங்கயே தெரிஞ்சிரும்."

"மழயும் பெய்யுமா?"

"நான் சென்னா பெய்யும்."

திரையில் இருபத்து நாலு பச்சைப் புள்ளி. மாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடி போடாமல் எதைக் கண்டாரோ. ரி. டெங்குக் காய்ச்சலில் படுத்தது ஐந்தே நாள், அந்த ஐந்து நாளும் மாமி கண்ணாடியைக் கழற்றவில்லை. இப்போது எடுத்துப் போடுவதே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

சேரோடு ஒன்லைன் கூட்டம். கமராவை மூடி, அதற்கு மேல் ஒரு கடதாசித் துண்டும் ஒட்டி. அப்படியும் மாமிக்குப் பொறுக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று மதினியிடம், "இத்தாவுல ஈக்கிற புள்ளைக்கு ஆம்புளயோட என்ன கத?" மதினி பஸ்மியா ரி.யின் மூத்த சகோதரி. கணக்கு டீச்சர். வீட்டில் எல்லாருக்கும் அவரிடம் கொஞ்சம் பயம், எனக்குக் கூடுதல். "ஒபிஸ் வேலம்மா. பெரிய மௌலவிட்டயே கேட்டுட்டன், குத்தமில்ல. நீங்க போய் படுங்க" என்றார். எனக்காகச் சொன்னாரா, சத்தம் வேண்டாம் என்று சொன்னாரா தெரியாது.

சேர் நல்லவர்தான். முதலில் தங்கையைக் கேட்பதுபோல "நங்கி, சாப்பிடுகிறாயா" என்று கேட்டார். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டார்.

கணக்கு இது. ஒவ்வொரு பெட்டியும் தன் பாத்தியில் மழை விழுந்தால் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததுக்கு, கடைசியில் காவல் கொட்டிலில் சைரன். அப்போதுதான் மறுகோடியில் நிற்பவர்களுக்கு உப்பை மூட நேரம் கிடைக்கும். 24 செய்தி அனுப்பினால் 24உம் கொட்டிலுக்கு வர வேண்டும். பெட்டிகள் பேசுவது வானொலி அலையில், இரைச்சல் கூடினால் செய்தி தொலையும். சிமியுலேட்டரோடு வந்த மாதிரி இரைச்சலில், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கட்டடத்துக்குள் எடுத்தது, 24உம் வந்தன. ரி. நம் உப்பளத்திலேயே எடுத்த இரைச்சலைப் போட்டால் 15. ஒரு மாதமாக 15, 14, 16. நான் எதை மாற்றினாலும்.

சேர்: பிழை உன் ப்ரோக்ராமில்தான், ரி.யின் பதிவு ஒன்றைத்தான் இந்த வேலையில் கண்ணை மூடி நம்பலாம்.

நானும் அப்படித்தான் சொன்னேன்.

தவணை: 20ஆம் திகதி. அதற்குள் 24 வராவிட்டால் பெட்டிகளைக் கழற்றி வேறு மாவட்டத்து வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ரி. வெயிலில் நின்று நட்ட கம்பங்கள். இன்னும் ஒரு நாள்கூட அவை வேலை செய்யவில்லை, உள்ளே ப்ரோக்ராம் இல்லாமல் சும்மா நிற்கின்றன.

செப்டம்பர் 6, சனி

வெயில் கொளுத்துகிறது. காற்றும் சேர்ந்து.

உப்பளத்தில் வேலை செய்யும் மூன்று பெண்கள் பார்க்க வந்தார்கள். காலில் உப்பு வெடிப்பு, வாசலிலேயே கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அழுதார்கள். நான் அழவில்லை. மதினி என்னைப் பார்த்தார்.

அவர்களில் வயது கூடியவர்: "தம்பி பெட்டி நட்ட நேரம் சென்னாரு, இனி வானத்தப் பாத்துக்கிட்டு ஈக்க தேவயில்ல, இது கூப்பிடும்னு. அது கூப்பிடுமா புள்ள, இல்லாட்டி அவரோட போச்சா?"

"கூப்பிடும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

போன வருடம் ஒரு மணி நேர மழை, மூடாத குவியல் அவ்வளவும் கரைந்து வாய்க்காலோடு போனதாம். ஒரு கோடியில் பெய்தது மறுகோடிக்குத் தெரியவில்லை. கத்தியும் காற்றில் கேட்கவில்லை. ஐப்பசி பிறந்தால் மழை.

பின்னேரம் தலையிடி. சாப்பிட்டது பாண் ஒரு துண்டு.

செப்டம்பர் 8, திங்கள்

வந்துவிட்டது! 24/24!

செய்தது: ஒவ்வொரு செய்தியையும் ஒரு தரத்துக்குப் பதில் ஏழு தரம் அனுப்பச் சொன்னேன். இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் ஏழில் ஒன்று தப்பி வரும். சேருக்கு எழுதத் தொடங்கி, ரி.யிடம் சொல்ல எழும்பி அடுத்த அறை வாசல்வரை போய்விட்டேன்.

வாசலில் மதினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். "என்ன?" "ஒண்டுமில்ல மதினி." திரும்பி வந்து இருந்தேன். அறிக்கை அனுப்பவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அனுப்பாதது நல்லது. பட்டரிக் கணக்குப் பார்த்தேன். மழையில்லாத நேரமும் பெட்டி 'நிற்கிறேன்' என்று பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதையும் ஏழு தரம் அனுப்பினால் மூன்று கிழமையில் செத்துவிடும். அதாவது மழை வரும் நேரம் சரியாக. சிமியுலேட்டரில் பாஸ், உப்பளத்தில் பெயில். அந்த வயதான பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது.

ஒரு விசயம் இடிக்கிறது. சுவரும் லைட்டும் ஆள் நடமாட்டமும் உள்ள கட்டடத்தில் நன்றாக வேலை செய்த ப்ரோக்ராம், ஒன்றுமில்லாத வெட்டவெளியில் ஏன் தோற்கிறது? ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை. ரி. எடுத்த பதிவு என்றால் பிழை என்னிடம்தான் என்று இருந்துவிட்டேன். அவர் இருந்தபோதும் அப்படித்தான், வீட்டில் எது தொலைந்தாலும் தொலைத்தது நானாகத்தான் இருக்கும்.

நாளை பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். இதுவரை ஒரு தரமும் திறக்கவில்லை, அப்படியே சிமியுலேட்டருக்குள் தள்ளியதுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று எழுதவில்லை.

பதிவு நாற்பது நிமிடம். வினாடிக்கு ஆயிரம் எண், மொத்தம் இருபத்து நாலு லட்சம். ஒவ்வொரு எண்ணும் அந்த நொடியில் காற்றில் எவ்வளவு வானொலி இரைச்சல் என்பது. வேறொன்றும் இல்லை, குரல் கிரல் எதுவும் பதிவாகாது. கோடாக வரைந்து பார்த்தேன். முதல் பன்னிரண்டு நிமிடம் தரையோடு தரையாக அமைதி. பிறகு திடீரென்று பல்லுப் பல்லாக எழும்பி, முப்பத்தோராம் நிமிடம்வரை ஒரே அமளி. பிறகு மறுபடி அமைதி, கடைசிவரை.

அந்தப் பல்லை எங்கே கண்டாலும் தெரியும். புளூடூத். காதில் மாட்டும் போன்.

ரி. ஜூலை 14, பின்னேரம் நாலு மணிக்குப் பதிவைத் தொடங்கியிருக்கிறார். என் போனைத் தேடி எடுத்தேன். ஜூலை 14. 4.12. நான் அவருக்கு எடுத்த அழைப்பு. பத்தொன்பது நிமிடம்.

களத்துக்குப் போகிறவர்களுக்கென்று நானே எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. ஒன்று, பெட்டியைத் தரையில் வை. இரண்டு, போனை அணை, புளூடூத்தையும் அணை. மூன்று, நாற்பது நிமிடம் பக்கத்தில் நில், மாடு வந்தால் துரத்து. இரண்டாவதைச் சிவப்பில் எழுதியிருந்தேன். ரி. சிரித்தார், "டீச்சர் ராத்தாவா நீங்களா?" என்று.

சிமியுலேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. கொடுத்த இரைச்சலைப் படித்து, உப்பளம் எப்போதும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளும். அதை இருபத்து நாலு இடத்திலும் பரப்பும். அப்படியென்றால் ஒரு மாதமாக இந்த லெப்டொப்புக்குள் ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் ரி. நின்று என்னோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை எப்படி அடக்குவது என்று இரவு பகலாக ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுதேன். நன்றாக, வாய்விட்டு. மாமி ஓடிவந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஜும்ஆ பாங்கு. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்கு. வீடு வெறிச்சென்று.

அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் என்ன கதைத்தோம்? நினைவிலிருப்பது:

– நான் கற்பிட்டியில் உம்மா வீட்டில் நின்றேன். இரண்டு நாளாக அவர் எனக்கு எடுக்கவில்லை என்று கோபம்.
– "ஹஸீ, வேலயில நிக்கிறன். பிறகு எடுக்கவா?" "எப்பயும் வேலதான். வெச்சிருங்க." அவர் வைக்கவில்லை. என்ன வேலை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே வைத்திருப்பேன், சத்தியமாக.
– வரும்போது கணவாய் வாங்கவா, நண்டு வாங்கவா என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.
– நடுவில் நாயொன்றை விரட்டினார். பெட்டியை மோந்ததாம்.
– சிரித்தார். எதற்கு என்று ஞாபகம் இல்லை.

கூட்டிப் பார்த்தால் நாலு நிமிடம் வராது. மிச்சம் பதினைந்து நிமிடம் எங்கே? இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான்தானே பேசினேன், காதில் கேட்டதுதானே. எப்படி இப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்?

ஒரு விசர்வேலை செய்தேன். அந்தப் பத்தொன்பது நிமிடத்தை மட்டும் வெட்டி சிமியுலேட்டரில் போட்டு ஓட்டினேன். உப்பளம் முழுக்க அவர் மட்டும். 24இல் ஒரு செய்தியும் கொட்டிலுக்கு வரவில்லை. மூன்று தரம் ஓட்டினேன். வேலைக்கு உதவாது என்று தெரிந்துதான்.

செப்டம்பர் 13, சனி

யோசனை. இரண்டு வழி.

ஏழுதர ப்ரோக்ராமைக் கொடுத்துவிடலாம். சேர் கையெழுத்து வைப்பார். ரி.யின் பதிவு சரி, ரி.யின் பேர் சரி. மூன்று கிழமையில் பட்டரி போகும், அது பட்டரிக்காரன் தலையில் விழும். உப்பு கரையும்.

இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். பதிவு பிழை. மௌத்தானவரைக் கவனமில்லாதவர் என்று பதிய வேண்டும், அதுவும் பெண்சாதியே.

அஸர் தொழுகைக்குப் பிறகு மதினியிடம் சொன்னேன். ஏன் அவரிடம் என்று தெரியவில்லை. ஏசட்டும் என்றிருக்கலாம். கோட்டைக் காட்டி, போன், நாலு பன்னிரண்டு, எல்லாம் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நானும் அவனுக்கு எடுத்தன். நாலு தரம். மகன்ட ஸ்கூல் பஸ் வரல்ல, போய் ஏத்தச் செல்ல. என்கேஜ், என்கேஜ். பிறகு வந்த நேரம் நல்லா ஏசினன்." திரையில் பல்லுப் பல்லாக எழும்பியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதுல எது அவன், எது நீங்க?"

"பிரிக்க ஏலா மதினி. வெறும் இரைச்சல் அளவுதான்."

"கதச்சது ஒண்டும் இல்லியா இதுல?"

"இல்ல."

விரலை எடுக்கவில்லை. "அவன் என்னோட கடைசியாக் கதச்சது அந்த ஏச்சுக்குப் பதில்தான். 'சரி ராத்தா, சரி ராத்தா.' பிறகு காய்ச்சல் வந்துட்டு" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். கலியாணமாகி மூன்று வருடம், மதினியின் கையை இன்றுதான் பிடித்திருக்கிறேன். சோக்கட்டி பிடித்துப் பிடித்துச் சொரசொரவென்று இருந்தது.

எழும்பும்போது டீச்சராகிவிட்டார். "புதுசா எடுக்கணும் என்டா என்ன செய்யணும்? செல்லுங்க. நான் போறன்."

செப்டம்பர் 14, ஞாயிறு

சேருக்கு எழுதினேன்: பதிவில் வேறொரு கருவியின் இரைச்சல் கலந்திருக்கிறது, திரும்ப எடுக்கிறோம். என்ன கருவி என்று எழுதவில்லை. கோழை.

மதினிக்குப் பாடம். எப்படித் திறப்பது, எந்தப் பொத்தான், எந்தப் பெட்டி. இரண்டாவது விதியைத் தாண்டி மூன்றாவதுக்குப் போனேன். அவரே தாளை வாங்கி, சிவப்பு எழுத்தை உரக்க வாசித்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதினி ஸ்கூல் விட்டு, அவரின் புருசன் மச்சான் த்ரீவீலில் கொண்டுபோக, பாலாவிக்கு. மச்சான் றோட்டிலேயே நிற்க வேண்டும், மதினியின் போனையும் வைத்துக்கொண்டு. நான் வீட்டில். போக ஏலாது, எடுத்துக் கேட்கவும் ஏலாது. எடுத்தால் கெட்டது. நாலிலிருந்து நாலு நாற்பதுவரை போனை மாமியின் கையில் கொடுத்துவிட்டேன். மாமி அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஆறு மணிக்கு வந்தார். முகமெல்லாம் சிவந்து, சப்பாத்தில் சேறு. "நாப்பது நிமிசம், ஒரு மனுசர் இல்ல. காத்து மட்டும்தான். நின்ட கால் மரத்துட்டு." பிறகு குசினிக்குள் போனவர் அங்கிருந்தே, "அவன் எத்தின தரம் இப்படி நின்டீப்பான்" என்றார். யாரிடமும் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

புதுப் பதிவு: தரையோடு தரையாக ஒரே கோடு. நாற்பது நிமிடமும்.

ப்ரோக்ராம்: பழையது. நானும் ரி.யும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்துப் பிடித்து எழுதியது. ஏழு தரம் கிடையாது, ஒரே தரம். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

24/24. பத்துத் தரம் ஓட்டினேன், பத்துத் தரமும். பட்டரி அடுத்த வருடம்வரை தாங்கும்.

சேர் உடனே எடுத்தார். "சுப்பர் நங்கி! திங்கள் பெட்டியில் ஏற்றலாம்." ஓம் சேர் என்றேன். மாமி கேட்டார், "வந்துட்டா?" வந்துவிட்டது மாமி. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப ஏன் அழுறீங்க?"

இரவு சாப்பிடவில்லை. இந்த உப்பளத்தில் மழை பெய்யச் சொன்னால் பெய்கிறது, எல்லாச் செய்தியும் போய்ச் சேருகிறது. ஒருவரும் நிற்கவில்லை. இதைத்தானே சரி என்கிறோம்.

செப்டம்பர் 18, வியாழன்

காற்றுக் குறைந்திருக்கிறது. கதிரைக்காரன் ஒருவழியாக வந்தான்.

காலையில் சேர் எழுதியிருந்தார்: பழைய பதிவைப் பொதுக் கோப்புறையிலிருந்து அழித்துவிடு, யாராவது தெரியாமல் எடுத்துப் பாவித்துவிடுவார்கள். நியாயம்தான். என் லெப்டொப்பில் ஒரு பிரதி இருக்கிறது, அதை யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் அந்தப் பொது இடத்தில் ரி.யின் பேரில் இருப்பது இந்த ஒரு கோப்புத்தான். அழித்தால் பேரும் போகும். எதை, ஏன் அழித்தார்கள் என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும், எல்லாரும் வாசிக்க.

லுஹர் தொழுதுவிட்டு வந்து இருந்தேன். காரணம் கொடுக்காமல் அழிக்க விடாது. தெரிவு செய்ய மூன்று: கருவிப் பழுது. கவனக்குறைவு. வேறு.

கருவிப் பழுது என்று போட்டேன். பிறகு அதை எடுத்துவிட்டேன். கவனக்குறைவு என்பதில் கை போகவில்லை.

வேறு.

கீழே எழுதப் பெட்டி திறந்தது. எழுதினேன்: பதிவு ஓடும்போது நான் அழைத்தேன். வேலையில் நிற்கிறேன் என்றார், ஆனால் வைக்கவில்லை. பத்தொன்பது நிமிடம் கதைத்தோம்.

அழிப்பது உறுதியா என்று கேட்டது. ஓம்.